கோப்பிச் செடியும் காசுத் தாளும்

“வெறும் தாளை வாங்கிக்கொண்டு அரிசி கொடுக்கிறார்களே, அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, சேர்?” கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு எம்மிடம் படிக்க வரும் மாணவர் ஒருவர் வகுப்பிலே இவ்வாறு வினவினார். விடை கூற நாம் 1884ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்ல வேண்டியதாயிற்று.

அக்காலத்திலே இலங்கையில் காசுத் தாள் வெளியிட்டவை தனியார் வங்கிகளே. 1841இல் தோன்றிய ‘பாங்க் ஒவ் சிலோன்’ அவற்றுள் ஒன்று. (1939இல் ஆரம்பமான இன்றைய இலங்கை வங்கி வேறு, பெயர் ஒற்றுமை கண்டு மயங்கற்க.) அது பின்னர் ஓரியண்டல் வங்கியுடன் கலந்து மறைந்தது. கேட்டவுடன் நாணயமாக மாற்றித் தருவோம் என்னும் வாக்குறுதியே தாளின் பெறுமதி. வாக்களித்தவன் வீழ்ந்தால் தாளும் வீழும்.

ஓரியண்டல் வங்கி கோப்பித் தோட்டங்களுக்குப் பெருந்தொகை கடன் கொடுத்திருந்தது. 1869இல் கோப்பி இலையிலே செம்மஞ்சள் நிறப் பூஞ்சண நோய் காணப்பட்டது. விளைச்சல் ஆண்டுதோறும் குன்றிற்று, தோட்டங்கள் நொடித்தன, 1884 மே மாதத்திலே வங்கி கதவடைத்தது.

வங்கியிலே பணம் வைப்பிட்டவன் அதனைத் தானே தேர்ந்துகொண்டவன். ஆனால் கூலியாகவோ, விற்ற தேங்காயின் விலையாகவோ அத்தாளைப் பெற்றவன் செய்த குற்றம் யாது? இந்த வேற்றுமையைத் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் நன்கு உணர்ந்தார் போலும். அவ்வங்கியின் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என அவர் அறிவித்தார். வைப்பிட்டோருக்கு அவ்வுறுதி கிட்டவில்லை. அந்நியர் ஆட்சியைப் பற்றி நாம் எவ்வளவு குறை கூறினும், இச்செயலைத் துணிவு என்றே சொல்வோம்.

அதே ஆண்டின் 32ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தாள் வெளியிடும் உரிமையை அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. 1885 முதல் அரசாங்கத் தாள்கள் புழங்கின; 1950இல் அப்பணி மத்திய வங்கிக்கு வந்தது. ஆயினும் ஸ்கொட்லாந்திலும் ஹொங்கொங்கிலும் வர்த்தக வங்கிகள் இன்றும், கடுமையான கட்டுப்பாடுகளுக்கு அமைய, தாள் வெளியிடுகின்றன என்றதும் வகுப்பு வியந்தது.

“அப்படியானால் இந்தத் தாளுக்கு யார் பொறுப்பு?” என்று கேட்டவாறு அம்மாணவர் தம் சட்டைப் பையிலிருந்து ஓர் இருபது ரூபாய்த் தாளை எடுத்தார். அதிலுள்ள இரு கையொப்பங்களையும் வாசித்துப் பார்க்கச் சொன்னோம். ஒன்று நிதி அமைச்சருடையது; மற்றையது மத்திய வங்கி ஆளுநருடையது. பிள்ளைகள் தத்தம் பைகளைத் துழாவத் தொடங்கினர்; அன்றைய பாடம் அத்துடன் நின்றுவிட்டது.