அடிக்கும் கோலும் அடிக்கோலும்

‘நாய் வாலை நிமிர்த்த முடியாது’ என்பது பழமொழி. கெட்ட குணம் மாறாது என்பது அதன் பொருள். வால் எப்படியோ போகட்டும். நாயின் குணம் உண்மையிலேயே மாறாதா? சீறிப் பாயும் நாயை, ஆளைக் கண்டாலே மூலையில் பதுங்கும் நாயை, மீண்டும் ஒரு வீட்டில் வளரத் தக்கதாக மாற்ற முடியுமா? இக்கேள்வி ஒருமுறை நீதிமன்றம் வரை சென்றது.

வர்ஜீனியா வழக்கு

2007 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மைக்கேல் விக் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் பண்ணையை அதிகாரிகள் சோதனையிட்டனர். சட்டத்துக்கு மாறாக நாய்ச் சண்டைக்கென்று வளர்க்கப்பட்ட சுமார் 50 ‘பிட் புல்’ நாய்கள் அங்கே இருந்தன. விக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். நாய்களை என்ன செய்வது? இவ்வகை நாய்கள் திருந்தமாட்டா என்று கருதி அவற்றைக் கொன்றுவிடுவதே அதுவரை பெரும்பாலும் வழக்கம்.

இம்முறை நிபுணர்கள் ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதித்தனர். அவர்கள் கண்டது வியப்பூட்டியது. பல நாய்கள் மனிதர்மேல் பாயவில்லை; கல்லில் ஊற்றிய தோசையைப் போலத் தரையோடு ஒட்டிக் கிடந்தன. கோபம் அல்ல, அச்சம்! முடிவில் 47 நாய்கள் உயிர் பிழைத்தன. அவற்றுள் 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் கானாப் என்னும் ஊரிலுள்ள ‘பெஸ்ட் பிரண்ட்ஸ்’ காப்பகத்துக்குச் சென்றன. மற்றவற்றை வேறு அமைப்புகள் ஏற்றன. பின்னர் பல நாய்கள் குடும்பங்களில் செல்லப்பிராணிகளாக வாழ்ந்தன.

உறுமல் என்னும் எச்சரிக்கை மணி

அச்சம் தோன்றியதும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடு அல்லது போரிடு என்று உடல் தயாராகிவிடுகிறது. கட்டிப்போட்ட நாயால் ஓட முடியாது. அதற்கு மிஞ்சுவது பல் ஒன்றுதான். கடிப்பதற்கு முன் அது உறுமுகிறது. ‘அருகில் வராதே’ என்பது அதன் பொருள்.

உறுமியதற்காக நாயை அடித்தால் என்ன ஆகும்? உறுமுவதை அது நிறுத்தக்கூடும். அச்சமோ அப்படியே இருக்கும். தீ எரியும்போது எச்சரிக்கை மணியின் கம்பியை அறுத்துவிட்டு, தீ அணைந்தது என்று மகிழ்வது போன்றது இது. அடுத்த முறை அந்த நாய் உறுமாமலே கடிக்கலாம்.

முயலும் சிறுவனும்

அப்படியானால் அச்சத்தைப் போக்கும் வழி என்ன? இதற்கான விடை நாயிடம் அல்ல, ஒரு சிறுவனிடம் கிடைத்தது. மணியோசை போன்ற ஓர் அடையாளத்தை உணவோடு பலமுறை சேர்த்துக் கொடுத்தால், பிறகு அந்த அடையாளமே நாயின் வாயில் எச்சில் ஊறச் செய்யும் என்று ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் காட்டியிருந்தார். இதே முறையில் அச்சத்தையும் மாற்றலாமா என்று அமெரிக்க உளவியலார் மேரி கவர் ஜோன்ஸ் ஆராய்ந்தார். ஏறக்குறைய 3 வயதான பீட்டர் என்னும் சிறுவனுக்கு வெள்ளை முயலைக் கண்டால் நடுக்கம். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, கூண்டில் அடைத்த முயலைத் தொலைவில் வைத்தனர். முதலில் 12 அடி. பிறகு 4 அடி. பிறகு 3 அடி. கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கவும் அவன் அனுமதித்தான்! ஜோன்ஸ் இதனை 1924இல் வெளியிட்டார்.

இங்கே அச்சத்தை அளந்தது அடிக்கோல் என்பதைக் கவனித்தீர்களா?

நாய்க்கும் இதே பாடம்தான். அந்நியரைக் கண்டு அஞ்சும் நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்நியர் 30 அடியில் நின்றால் அது இறைச்சித் துண்டைத் தின்கிறது. 20 அடிக்கு வந்தால் தின்ன மறுக்கிறது. அச்சம் மிகுந்தால் பல நாய்கள் உணவைத் தொடமாட்டா. ஆகவே அந்த நாயின் பாடம் 30 அடியில் தொடங்க வேண்டும். அந்நியர் தோன்றியதும் இறைச்சி. மறைந்ததும் இறைச்சி இல்லை. நாள் செல்லச் செல்ல, அந்நியரைக் கண்டதும் நாய் உணவை எதிர்பார்க்கத் தொடங்கும். அதன்பின் 28 அடி, 25 அடி என்று நெருங்கலாம். அவசரப்பட்டு ஒரே நாளில் 5 அடிக்குச் சென்றால், செய்த வேலை பாழாகிவிடும்.

ஏ.எஸ்.பி.சி.ஏ. என்னும் அமெரிக்க விலங்கு நல அமைப்பு, அஞ்சி நடுங்கும் நாய்களுக்கென்றே 2013இல் ஒரு பயிற்சி நிலையத்தை நியூ ஜெர்சியில் தொடங்கி, 2018இல் வட கரோலினாவில் நிரந்தரமாக நிறுவியது. அங்கே துணிவுள்ள நாய்களும் ‘உதவி ஆசிரியர்’களாகப் பணிபுரிகின்றன. தோழன் மனிதரிடம் அஞ்சாமல் செல்வதைக் கண்டு, அஞ்சும் நாயும் மெல்லப் பின்தொடர்கிறது. எல்லா நாய்களும் தேறிவிடுவதில்லை. சிலவற்றுக்கு மருத்துவரின் மருந்தும் தேவைப்படுகிறது.

உங்களுக்கு ஓர் எச்சரிக்கை

மாணவர்களே, தெருநாயிடம் இச்சோதனையைச் செய்து பார்க்காதீர்கள்! இது பயிற்சி பெற்றவர்களின் பணி. நாய் கடித்தாலோ பிராண்டினாலோ, காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வெறிநாய்க்கடி நோய் முற்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. தடுப்பூசியை உரிய காலத்தில் போட்டுக்கொண்டால் அதனைத் தடுக்கலாம்.

ஆனால் ஒன்றை நீங்கள் இன்றே செய்யலாம். உறுமும் நாயைக் கண்டால் கல்லைத் தேடாதீர்கள், ஓடவும் வேண்டாம். அதன் கண்ணை உற்று நோக்காமல், மெல்லப் பின்வாங்கி, அது கேட்கும் தொலைவைக் கொடுங்கள். அதன் அச்சமும் குறையும். உங்கள் காலும் தப்பும்.