எந்தப் பாகம் காக்க வைக்கிறது?

"மாமா, கம்ப்யூட்டரையே மாத்திடலாமா?" என்று கேட்டான் அக்கா மகன். குரலில் சலிப்பு. 2017-இல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் அது: ரைசன் 5 1600 பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு. கேம்கள் திணறத் தொடங்கியதும், சேர்த்து வைத்த பணத்தையெல்லாம் போட்டு ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு வாங்கி மாட்டினான். காட்சிகள் பளிச்சென்று மாறின. ஆனால் கூட்டம் நிறைந்த நகரத் தெருவுக்குள் கேம் நுழைந்ததும் பழையபடி அதே திணறல்.

செலவு செய்வதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் எந்தப் பாகம் மற்ற பாகங்களைக் காக்க வைக்கிறது?

திரையில் தெரியும் அசைவு, அடுத்தடுத்து வரையப்படும் படங்களின் வரிசை. விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடிதான். எதிரி எங்கே நகர்ந்தான், சுவர் எப்படிச் சரியும், தெருவில் போகும் ஒவ்வொருவரும் அடுத்து என்ன செய்வார் என்று கணக்குப் போட்டு, எதை வரைய வேண்டும் எனச் சொல்வது பிராசஸர். அதை வரைவது கிராபிக்ஸ் கார்டு. 1920 × 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். அத்தனைக்கும் நிறம் கண்டுபிடித்தாக வேண்டும்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் சமைப்பவர் பிராசஸர், பந்தியில் பரிமாறுபவர் கார்டு. சாம்பார் இறங்காவிட்டால் எத்தனை பேர் வாளியோடு நின்றும் பயனில்லை. சாம்பார் இறங்கியும் பரிமாற ஆளில்லாவிட்டால் இலை வெறுமனே கிடக்கும். மருமகன் செய்தது, அடுப்படி திணறும்போது பரிமாறும் ஆளை மாற்றியது.

தாமதம் யாரால் என்று அறியப் பணம் தேவையில்லை. முதலில் கேபினெட்டைத் திறந்து தூசி தட்ட வேண்டும். பிராசஸருக்கும் அதன் மேலுள்ள ஹீட்சிங்குக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட், சில ஆண்டுகளில் காய்ந்து போகும். சூடு வெளியேற வழியில்லாதபோது பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். வயதாகிவிட்டது என்று நாம் நினைப்பது சில நேரங்களில் வெறும் சூடுதான்.

அடுத்து, கேமின் செட்டிங்கில் ரெசல்யூஷனை 1280 × 720-க்கு இறக்குங்கள். புள்ளிகள் 9,21,600 ஆகிவிடும், பாதிக்கும் கீழே. கார்டின் சுமை குறையும், பிராசஸரின் சுமை ஏறக்குறைய அப்படியே இருக்கும். விநாடிக்கு எத்தனை படங்கள் என்று காட்டும் எஃப்பிஎஸ் எண் நன்றாக ஏறினால் திணறியது கார்டு. அசையாமல் நின்றால் பிராசஸர். நாங்கள் இறக்கிப் பார்த்தோம். எண் அசையவே இல்லை.

வேறு குற்றவாளிகளும் உண்டு. கேம் திறக்கவே நெடுநேரம் எடுத்தால் ஹார்டு டிஸ்க்கைப் பாருங்கள். சுழலும் தட்டின் மேல் ஊசிமுனை போன்ற ஒரு தலை, தேடும் இடத்துக்கு நகர்ந்து போக வேண்டும். அசையும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு அந்த அலைச்சல் கிடையாது. பெரிய கார்டு மாட்டும்போது, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1060 கேட்பது 120 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 கேட்பது 170 வாட்.

பிராசஸர்தான் தடை என்று தெரிந்த பிறகு, பதில் மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் இருக்கிறது. ஏஎம்டி தன் ஏஎம்4 சாக்கெட்டைப் பல தலைமுறைகளுக்கு வைத்திருந்தது. 2022-இல் வந்த ரைசன் 5 5600, பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை அப்டேட் செய்த 2017-ஆம் ஆண்டுப் போர்டுகள் பலவற்றில் உட்காரும். இன்டெலின் 8-ஆம் தலைமுறைக்கோ முந்தைய தலைமுறையைப் போலவே 1151 தொடுமுனைகள் இருந்தும் புதிய போர்டு வேண்டியிருந்தது. சாக்கெட் வழிவிடாதபோது பிராசஸரோடு போர்டும் மாறும். டிடிஆர்4 ரேம், டிடிஆர்5 ஸ்லாட்டில் நுழையாது என்பதால் ரேமும் மாறலாம். அப்போதும் கேபினெட், எஸ்எஸ்டி, மானிட்டர், கார்டு ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம்.

காலம் முடிந்ததை வேகம் மட்டும் சொல்வதில்லை. 2025-இல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' கேமுக்கு, ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வசதியுள்ள கார்டு கட்டாயம். செட்டிங்கை எவ்வளவு குறைத்தாலும் ஜிடிஎக்ஸ் 1060-இல் அதற்கு வழியில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு ஏற்ற பிராசஸர்கள் என மைக்ரோசாஃப்ட் தரும் பட்டியலில் ரைசன் 5 1600 இல்லை.

ரைசன் 5 5600 அந்தப் பட்டியலில் இருக்கிறது. பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்து, பிறகு புதியதை மாட்டினோம். ஒரே செலவில் இரண்டு சிக்கல்களும் தீர்ந்தன. தெருக்கூட்டத்துக்குள் கேம் இப்போது தடையில்லாமல் ஓடுகிறது.

2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதமே. நல்ல நிலையில் உள்ள பாகத்தைச் சோதிக்காமலே கழித்துக்கட்டினால் அந்தக் குவியலில் நம் பங்கும் சேரும்.

கழற்றிய ஜிடிஎக்ஸ் 1060-ஐ மருமகன் தன் நண்பனுக்குக் கொடுத்துவிட்டான். அதுவரை கார்டே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது அந்த நண்பனின் கம்ப்யூட்டர். அங்கே பரிமாற ஆளில்லாமல்தான் பந்தி காத்திருந்தது.