வாய் பேசாத கங்காணி

ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையில் இருந்தது நியூ லேனார்க் நூற்பாலை. 1800-இல் அதன் நிர்வாகத்தை ஏற்ற ராபர்ட் ஓவன், ஒவ்வொரு தொழிலாளிக்குப் பக்கத்திலும் சின்ன மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். நான்கு பக்கம், நான்கு நிறம். கறுப்பு வெளியே தெரிந்தால் நேற்று அவர் நடந்துகொண்ட விதம் மோசம். நீலம் சுமார், மஞ்சள் நன்று, வெள்ளை மிக நன்று. மேற்பார்வையாளர் தினமும் கட்டையைத் திருப்பிவைப்பார், பதிவேட்டிலும் ஏற்றிவிடுவார்.

இந்த மரக்கட்டைக் கங்காணி அதட்டாது, அடிக்காது. ஓவனும் யாரையும் திட்டவில்லையாம். கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், நகர்ந்துவிடுவார். நாளாக ஆகக் கறுப்பு குறைந்து மஞ்சளும் வெள்ளையும் கூடின என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். முதலாளி சொல்லும் கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனால் இரண்டு விஷயங்களுக்காக அவரை மதிக்கிறேன். நிறம் நியாயமில்லை என்று பட்டால் தொழிலாளி நேரே அவரிடம் முறையிடலாம். அடுத்தது இன்னும் பெரிது: ஆலை முழுவதும் ஒரே நாளில் வெள்ளையாகலாம். ஒருவர் ஏற இன்னொருவர் இறங்க வேண்டியதில்லை.

நம் ஐ.டி. அலுவலகங்களில் பலர் பார்த்துப் பயந்த ‘பெல் கர்வ்’ மதிப்பீட்டு முறை இதை மறுக்கிறது. பத்துப் பேரும் பாடுபட்டு உழைத்தாலும் யாராவது ஒருவர் கடைசிக் கட்டத்தில் விழுந்தே தீர வேண்டும். அப்போது பக்கத்து நாற்காலிக்காரர் நண்பராக இருக்க முடியுமா? மைக்ரோசாஃப்டில் இந்த முறை இருந்தபோது, கெட்டிக்காரப் பொறியாளர்கள் இன்னொரு கெட்டிக்காரர் இருக்கும் குழுவைத் தவிர்த்தார்கள் என்று முன்னாள் ஊழியர்களே சொன்னார்கள். 2013 நவம்பரில் நிறுவனம் அதைக் கைவிட்டது.

இப்படித் தரவரிசை போடுவது உழைப்பையாவது கூட்டுமா? பொருளாதார அறிஞர் இவான் பாரன்கே வட அமெரிக்காவில் மரச்சாமான் விற்கும் ஊழியர்களிடம் மூன்றாண்டுகள் ஒரு சோதனை நடத்தினார். விற்பனையில் எத்தனையாவது இடம் என்பது அவர்களுக்கு வழக்கமாகத் தெரியும். ஒரு பகுதியினருக்கு மட்டும் அதைச் சொல்வதை நிறுத்தினார். சோர்ந்துவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்களின் விற்பனை சுமார் 11 சதவீதம் கூடியது. தாங்கள் நினைத்ததைவிடக் கீழே இருக்கிறோம் என்று தெரியாதவர்கள், கடைக்குள் நுழைந்த வாடிக்கையாளரைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள் போலும்.