மீண்டும் ஒரு முயற்சி: கருவை ஏற்கத் தயாராகும் சகோதரிகளுக்கு

பனியன் தொழிலால் பெயர் பெற்ற திருப்பூரில், கணவனும் மனைவியும் ஷிப்டு பார்த்து உழைக்கும் இல்லங்கள் ஏராளம். அவற்றுள் திருமணமாகிப் பல்லாண்டுகள் கடந்தும் மழலைச் செல்வம் வாய்க்காத இல்லங்களும் உண்டு. சேமிப்பையும் நகையையும் செலவிட்டுச் சிகிச்சை பெற்று, அது வேதனையில் முடிந்தபின், "இன்னொரு முறை வேண்டுமா?" எனத் தயங்கும் சகோதரிகளுக்காகவே இக்கட்டுரை.

முதல் முறை ஏன் துன்பமாயிற்று?

சோதனைக் குழாய் முறையில், வழக்கமாக மாதம் ஒன்றாக முதிரும் சினைமுட்டையை, ஊசி மருந்தால் பலவாக முதிரச் செய்கின்றனர். சிலருக்குச் சினைப்பைகள் அளவு மீறித் தூண்டப்பட்டு, வயிற்றில் நீர் கோத்து, வாந்தியும் மூச்சுத் திணறலும் உண்டாகும். சினைப்பை நீர்க்கட்டி உடையோருக்கு இவ்வாபத்து அதிகம். அந்நிலையில் கருவும் தங்கிவிட்டால் தொல்லை மேலும் கடுமையாகும். ஆகவே கருக்களைத் திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில் உறைய வைத்து, உடல் தேறிய பின் வேறொரு மாதத்தில் கருப்பையில் வைக்கின்றனர்.

இதற்கு முன்னோடி நம் நாட்டவரே. கல்கத்தா டாக்டர் சுபாஷ் முகர்ஜி, 53 நாட்கள் உறைய வைத்த கருவைத் தாயிடம் செலுத்தினார். 3-10-1978 அன்று 'துர்கா' பிறந்தாள். உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து 70 நாட்களே ஆகியிருந்தன. அன்று அவரை எவரும் நம்பவில்லை. 1981இல் அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்தே அச்சாதனை ஏற்கப்பட்டது.

மார்க்கம் என்ன கூறுகிறது?

1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் இணைந்து, அதே மனைவியின் கருப்பையில் வளர்வதைத் தேவை கருதி அனுமதித்தது. அந்நியரின் விந்து, முட்டை, வாடகைக் கருப்பை ஆகியவற்றை விலக்கியது. உறைய வைத்த கருவும் திருமண பந்தம் நிலைத்திருக்கும் வரைக்கே உரியது என்பர் மார்க்க அறிஞர். எனவே பெயர்ச் சீட்டு மாறாதிருக்க மருத்துவமனை செய்துள்ள ஏற்பாட்டைத் தயங்காமல் கேட்டறியுங்கள்.

தயாராகும் முறை

முந்தைய சிகிச்சையின் காகிதங்களை ஒன்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, சர்க்கரை, இரத்தசோகை ஆகியவற்றைப் பரிசோதித்துச் சரி செய்யுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையை முன்னதாகவே தொடங்குங்கள்.

கருப்பை உட்சுவர் தடிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தருவர். ஸ்கேனில் சுமார் 7 மில்லிமீட்டரைத் தாண்டியதும் புரோஜெஸ்டிரோன் தொடங்கும். நைட் ஷிப்டு என்றாலும் இம்மருந்தின் வேளை தவறக்கூடாது. தாமாக நிறுத்தவும் கூடாது. ரமளானில் நோன்பு குறித்து மருத்துவரையும் ஆலிமையும் முன்னரே கலந்து கொள்ளுங்கள்.

கருவை வைப்பது சில நிமிட வேலை. பெரும்பாலும் மயக்க மருந்து தேவையில்லை. பிறகு படுக்கையிலேயே கிடப்பதால் கரு கூடுதலாகத் தங்குவதில்லை. இரண்டு வாரத்திற்குள் இரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லிவிடும்.

பதிவு பெற்ற மருத்துவமனையையே நாடுங்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியுள்ளது. ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் விற்கப்பட்டது 2022இல் அம்பலமானதை மறந்துவிட வேண்டாம்.

இறுதியாக, மாமியார்மார்க்கும் கணவன்மார்க்கும் ஒரு சொல். கரு தங்காமைக்குப் பெரும்பாலும் கருவிலுள்ள குரோமோசோம் குறையே காரணம். அவள் நடந்ததோ, மாடி ஏறியதோ அன்று. நபி ஜகரிய்யா (அலை) அவர்களுக்கு முதுமையில் மகவளித்தவன் அல்லாஹ். முயல்வது நம் கடமை. அருள்வது அவன் நாட்டம். அதுவரை அவள் மனம் நோகாமல் காப்பது குடும்பத்தார் அனைவரின் பொறுப்பாகும்.