செவி சாய்ப்போர் – 11: ஆறு மடங்கு

ஆலோசகரின் அறையில் நாற்காலிகள் ஏன் நேருக்கு நேராகப் போடப்படுவதில்லை என்பதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். நினைவில்லாதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். இந்த வாரம் இரகசியக் காப்பைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்ததும் உண்மைதான். ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு, ஆசிரியர் இரண்டாம் முறையாகத் தொலைபேசியில் அழைத்துக் கட்டுரையை ஞாபகப்படுத்திய பிறகு, குறிப்பெடுப்பதற்காகப் புரட்டிய ஒரு பழைய புத்தகத்தில் கண்ட கணக்கு ஒன்று, அன்று தொட்டு வேறெதையும் சிந்திக்க விடாமல் என்னைப் பற்றிக்கொண்டுவிட்டது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942இல் பிரசுரித்த நூல் அது. அவர் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த அந்த நாளில், ஆலோசனை அறைக்குள் நடக்கும் சம்பாஷணையை வெளியார் பெரும்பாலும் கேட்டதில்லை. வைத்தியர் பிற்பாடு நினைவிலிருந்து எழுதி வைத்ததே சாட்சியம். ரோஜர்ஸும் அவருடைய மாணாக்கர்களும் அறையில் ஒலிவாங்கியை வைத்து, இசைத்தட்டு வெட்டும் யந்திரத்தோடு அதை இணைத்தார்கள். தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்றே நிமிஷம் தாங்கும். ஆகையால் ஒரு மனிதர் தம் ஆயுட்காலத் துக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கையில், அடுத்த அறையில் ஒரு மாணவர் தட்டு மாற்றுவதும் ஊசி செதுக்கித் தள்ளிய துருவலைத் துடைப்பதுமாகப் பரபரத்துக்கொண்டிருந்திருப்பார். ஹெர்பர்ட் பிரையன் என்ற புனைபெயரில் வந்த ஒருவருடைய எட்டுச் சந்திப்புகளும், ஒரு வார்த்தை விடாமல், அந்த நூலில் அச்சேறியிருக்கின்றன.

அத்தகைய பதிவுகளை வைத்துக்கொண்டு போர்ட்டர் என்ற மாணவர் செய்த காரியந்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. வந்தவரை வழிநடத்தி, கேள்வி கேட்டு, உபதேசம் செய்யும் ஆலோசகர்களின் பேச்சையும், அவ்விதம் செய்யாமல் பின்தொடர்ந்து செல்பவர்களின் பேச்சையும் அவர் பகுத்து எண்ணிப் பார்த்தார். முதல் வகையினர், இரண்டாம் வகையினரைக் காட்டிலும் ஏறக்குறைய ஆறு மடங்கு வார்த்தைகளைச் செலவழித்திருந்தார்கள். ஆறு மடங்கு! உதவி நாடி வந்தவருக்கு உரிய நாழிகையை உதவுகிறவரே பேசித் தீர்த்திருக்கிறார்.

இந்தக் கணக்கைத் தலையில் சுமந்துகொண்டு புதன்கிழமை மாலை நம் பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கோப்பிக்கடையின் அஞ்சடியில் உட்கார்ந்தேன். அடுத்த மேஜையில் ஒரு மாமாவும் மருமகனும். மருமகன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் சீருடையில் இருந்தான். "ராத்திரியில தூக்கமே வர்றதில்ல மாமா" என்றான். அவ்வளவுதான். குயின் ஸ்திரீட் மாரியம்மனுக்கு ஓர் அர்ச்சனை, கைத்தொலைபேசியைக் குறைத்தல், சிங்கப்பூரில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை, காலாகாலத்தில் கலியாணம் என்று மாமா அடுக்கிக்கொண்டே போனார். அன்பு மிகுந்த மனிதர். குரலில் அது தெரிந்தது. ரசீதின் முதுகில் நான் கோடு கிழித்து எண்ணத் தொடங்கியிருந்தேன். பாதியில் ரசீது தீர்ந்துவிட்டது. மருமகனின் தே தாரிக்கில் ஆடை படிந்து, அவன் அதைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கி, "சரி மாமா" என்று எழுந்தான். தூங்காமல் விழித்திருக்கும் அந்த நேரத்தில் அவன் நெஞ்சில் என்ன ஓடுகிறது என்பது மாமாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாமாவைக் கூப்பிட்டு அவருக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று என் நாக்கு துறுதுறுத்ததையும் மறைப்பதற்கில்லை.

எனக்கு அறிமுகமான ஆலோசகர் ஒருவரிடம் மறுநாள் இதைச் சொன்னேன். "புத்தி சொல்ல அவங்க வீட்லயே பத்துப் பேரு இருக்காங்க அண்ணே. அது போதலைன்னுதான் என் படி ஏறி வர்றாங்க" என்றார் அந்த அம்மாள். தூக்கம் வரவில்லை என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முதலில் ஒன்றும் செய்வதில்லையாம். பிறகு, "படுத்தும் கண்ண மூட முடியல" என்று, அவர் சொன்னதையே சற்று ஆழத்தில் தொட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பாராம். கிளிப்பிள்ளை வேலையல்லவா என்று நினைக்கத் தோன்றும். தம் முறையை ஜனங்கள் அப்படிச் சுருக்கிவிட்டதில் ரோஜர்ஸுக்கே மிகுந்த வருத்தம் இருந்தது. உயிருக்கு ஆபத்து என்ற ஐயம் எழுந்தால் இந்த அம்மாள் காத்திருப்பதும் இல்லை. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டுவிடுகிறார்.

ரோஜர்ஸும் பிறவியிலேயே மௌனி அல்லர். ராச்செஸ்டர் நகரில் பன்னிரண்டு ஆண்டுகள் குழந்தைகள் நிலையத்தில் பணியாற்றிய காலத்தில், அடங்காப் பிள்ளை ஒருவனின் தாயிடம், குற்றம் அவள் அவனை ஒதுக்கியதில்தான் இருக்கிறதென்று பல சந்திப்புகளில் உணர்த்தப் பார்த்துத் தோற்றார். இருவருமாகக் கைகுலுக்கி முடித்துக்கொண்டார்கள். வாசல் வரை போனவள் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை சொல்வதுண்டா என்று கேட்டு, மறுபடி உட்கார்ந்து தன் இல்லற வாழ்வின் துயரத்தையெல்லாம் கொட்டினாள். அன்றுதான் சிகிச்சை ஆரம்பமாயிற்று என்பது அவர் அபிப்பிராயம்.

அப்படி வருகிறவரை நாம் என்னவென்று அழைப்பது? 'நோயாளி' என்ற சொல்லை ரோஜர்ஸ் வேண்டாமென்று தள்ளியது, தம் காரியத்துக்குத் தாமே பொறுப்பாளியாக வருகிறவர் என்பதனால். நம்மிடம் வக்கீலுக்குக் 'கட்சிக்காரர்' உண்டு, வியாபாரிக்கு 'வாடிக்கையாளர்' உண்டு. இரண்டும் இங்கே ஒட்டவில்லை. இலங்கைத் தமிழர் 'துணைநாடி' என்கிறார்கள். இந்தத் தொழிலையே அவர்கள் 'உளவளத்துணை' என்றுதான் வழங்குகிறார்கள். நாமும் கூசாமல் அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

பக்கம் தீர்ந்துவிட்டதால் இரகசியக் காப்பு அடுத்த வாரத்துக்குப் போகிறது. அதற்குள் ஆலோசகர்களின் முகவரி கேட்டு எழுதியிருக்கும் வாசகர்களுக்கு ஒன்று: 1998ஆம் ஆண்டின் மலேசிய ஆலோசகர் சட்டம், அதாவது 580ஆம் சட்டம், பதிவும் தொழில் சான்றிதழும் இல்லாத எவரும் இந்நாட்டில் ஆலோசகர் என்று பலகை மாட்டலாகாது என்கிறது. பெயருக்குப் பின்னால் 'கே.பி., பி.ஏ.' என்றிருப்பதைக் கண்டு, வெறும் பி.ஏ. படித்தவரா என்று ஏமாற வேண்டாம். 'கவுன்சலர் பெர்டாஃப்தார்', 'பெரக்குவான் அமாலான்' என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. அந்த நான்கு எழுத்துகளையும் பார்த்துவிட்டுப் படியேறுங்கள். பதிவு எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் உங்கள் துக்கத்தைச் சொல்ல வேண்டாம்.