வீட்டுக்கு வரும் புத்தகம்

பள்ளி நூலகத்திலிருந்து ஒரு படக்கதைப் புத்தகத்தை இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே அவளுடைய அம்மா அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். "எனக்கும் அவங்க அப்பாவுக்கும் படிக்கத் தெரியாது டீச்சர். கிழிஞ்சுபோனா என்ன பண்றது? நீங்களே வெச்சுக்கங்க" என்றார்.

படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் புத்தகத்துக்கு என்ன வேலை? அன்று என்னிடம் பதில் இல்லை. அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டனின் புத்தகத் திட்டத்தைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தக் கேள்விக்கு ஒரு வழி தெரிந்தது.

டாலி பார்ட்டன் 1946-இல் டென்னசி மாநிலத்தின் மலைப்பகுதியில், ஏழைக் குடும்பத்தின் 12 பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தவர். குத்தகை நிலத்தில் பாடுபட்ட அவருடைய தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தந்தை மிகுந்த அறிவாளி என்றும், படிக்கத் தெரியாத குறை அவரை வருத்தியது என்றும் மகள் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாடிப் பெரும் பொருள் ஈட்டிய அந்த மகள், தந்தையை மனத்தில் வைத்து 1995-இல் தம் சொந்த மாவட்டமான செவியரில் 'இமேஜினேஷன் லைப்ரரி' என்ற திட்டத்தைத் தொடங்கினார்.

திட்டம் எளிமையானது. பதிவு செய்த ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்தது முதல் ஐந்து வயது வரை மாதம் ஒரு புத்தகம் தபாலில் வரும். பெற்றோர் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. குடும்பத்தின் வருமானமும் கேட்கப்படுவதில்லை. பிறந்தவுடன் பதிவு செய்த குழந்தையிடம் பள்ளியில் சேரும்போது ஏறத்தாழ 60 புத்தகங்கள் இருக்கும்.

இதில் ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, உறையின்மேல் குழந்தையின் பெயரே இருக்கும். எழுத்து அறியாத வயதிலேயே 'இது என்னுடையது' என்ற உரிமை வந்துவிடுகிறது. இரண்டாவது, புத்தகங்கள் வயதுக்கேற்பத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. கைக்குழந்தைக்கு எளிய படங்கள், வளர வளரக் கதைகள். மூன்றாவது, பொறுப்பு பகிரப்படுகிறது. பார்ட்டனின் அறக்கட்டளை நிர்வாகத்தைக் கவனிக்கிறது. குழந்தைகளைப் பதிவு செய்வதும் புத்தகம், தபால் செலவுக்கு நிதி திரட்டுவதும் நூலகங்கள், தொண்டு அமைப்புகள் போன்ற உள்ளூர்ப் பங்காளிகளின் வேலை. ஒரு மாவட்டத்தில் தொடங்கியது ஐந்து நாடுகளுக்குப் பரவியதற்கு இந்தப் பகிர்வு முக்கியக் காரணம். 2018-இல் 10 கோடியாவது புத்தகம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அளிக்கப்பட்டது.

புத்தகம் வந்து சேர்வதாலேயே குழந்தை வாசிக்கத் தொடங்கிவிடாது. யாராவது ஒருவர் அருகில் உட்கார வேண்டும். ஆனால் அவர் எழுத்தறிந்தவராக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. படத்தைக் காட்டிப் பெயர் சொல்வது, "இது ஏன் ஓடுது?" என்று கேட்பது, அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று ஊகிக்க வைப்பது ஆகிய எல்லாமே வாசிப்புக்கான அடித்தளம். புத்தகத்தை நேராகப் பிடிப்பதும் இடமிருந்து வலமாகப் பார்ப்பதும்கூட அங்கேதான் பழக்கமாகின்றன.

இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்த அம்மாவை மீண்டும் அழைத்தேன். அதே புத்தகத்தைத் திறந்து, "இந்தப் படத்துல என்ன நடக்குதுன்னு நீங்களே பாப்பாவுக்குச் சொல்லுங்க" என்றேன். முதலில் தயங்கினார். பிறகு படத்திலிருந்த ஆட்டைப் பார்த்ததும், தாம் வளர்த்த ஆடு வேலி தாண்டிப் போன கதையைச் சொல்லத் தொடங்கினார். அது புத்தகத்தில் இல்லாத கதை. "இல்லம்மா, இது வேற ஆடு!" என்று மகள் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். அன்று மாலை புத்தகம் மறுபடியும் அவர்கள் வீட்டுக்குப் போனது.

நம் பள்ளிகளில் புத்தகங்கள் இல்லாமல் இல்லை. இருப்புப் பதிவேட்டில் கணக்கு குறையுமே என்ற அச்சத்தில் நாம்தான் பலமுறை அவற்றைப் பீரோவில் பூட்டிவைக்கிறோம். நானும் அப்படிச் செய்தவள்தான். இப்போது என் வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கொரு புத்தகம் வீட்டுக்குப் போகிறது. கூடவே குழந்தையின் பெயர் எழுதிய ஒரு அட்டை. கிழிந்தால் திட்டுவதில்லை, திங்கட்கிழமை சேர்ந்து ஒட்டிக்கொள்கிறோம். வீட்டில் யார் கதை சொன்னார்கள் என்று மட்டும் கேட்கிறேன். "தாத்தா" என்றும் "பக்கத்து வீட்டு அக்கா" என்றும் பதில்கள் வருகின்றன.

பார்ட்டனின் தந்தை 2000-இல் மறைந்தார். குழந்தைகள் தம் மகளைப் 'புத்தக அம்மா' என்று அழைப்பதைக் கேட்டு அவர் பெருமைப்பட்டாராம். அவரால் ஒரு வரியும் வாசிக்க முடிந்ததில்லை. ஆனால் கோடிக்கணக்கான புத்தகங்கள் வீடுகளுக்குப் போகக் காரணமானவர் அவர்தான். படிக்கத் தெரியாத பெற்றோரை இனி நாம் அந்தக் கண்ணோடு பார்க்கலாம்.