தெருவோடு போகும் பாட்டு – 9: கைபிடி சுற்றும் இசைப்பெட்டி

பாக்குத் தெண்டல் முடிந்து, முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கு எரியத் தொடங்கிவிட்டால் முள்ளியவளையில் வேறு பேச்சு இருக்காது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசிப் பொங்கல். நேர்த்தி வைத்தவர்களுக்குத் தூக்குக் காவடி கட்டவேண்டும். ஒட்டு வேலை தெரிந்த பெடியளுக்கு அந்த நாட்களில் நித்திரை இல்லை.

தூக்குக் காவடி வண்டியைப் பக்தியோடு பார்ப்பவர் பலர். அதை ஒரு பொறியாகப் பார்த்தவர் குறைவு. நேற்றுவரை நெல்மூட்டை ஏற்றிய லாண்ட்மாஸ்டர் பெட்டியில் இரும்புச் சட்டம் ஏறுகிறது. சட்டத்தின் மேல் நீண்ட மரம், கிணற்றுத் துலாவைப் போல நடுவில் அச்சுக் கொண்டு. முன்முனையில் செடில் குத்தியவர் முகம் நிலத்தைப் பார்க்கத் தொங்குவார். பின்முனைக் கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் இழுத்தும் விட்டும் அவரை ஏற்றி இறக்குவார்கள். சாரதி கிளச்சைச் சட்டென்று விட்டால் அந்த உதறல் மரத்தின் நுனிக்குப் போகும்போது பல மடங்காகும். அங்கே தொங்குபவரின் முதுகுத் தோல் அதைத் தாங்கவேண்டும். ஆகவே முதல் கியரில், நடைவேகத்தில்தான் ஓட்டம். வேப்பிலையும் தென்னங்குருத்தும் கட்டியபின் இரும்பு கண்ணுக்குத் தெரியாது. வரைபடம் கிடையாது. போன வருடம் எங்கே வளைந்தது என்ற ஞாபகம் மட்டும்தான்.

வண்டியை இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள், பாட்டை மட்டும் கடையில் வாங்குகிறார்கள். ஒரு ஜெனரேட்டர், இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஒரு பென் டிரைவ். பக்கத்தில் நடந்து வருகிற பறைக்காரரின் அடியை ஸ்பீக்கர் விழுங்கிவிடுகிறது. எனக்கு இதில் கோபமே உண்டு.

வருடத்தின் மற்ற நாட்களில் நம் தெருப் பாட்டு பாண் ஓட்டோவுடையது. கண்ணாடிப் பெட்டி பூட்டிய முச்சக்கரவண்டி, மாலுபாணும் பணிஸும், பீத்தோவன் 1810இல் எழுதிய ‘ஃபூர் எலீஸ்’. அவர் 1827இல் இறந்து நாற்பது வருடம் கழித்துத்தான் அது அச்சேறியது. இலங்கையில் பிள்ளைகள் அதைப் பாண் பாட்டு என்றே அறிவார்கள். நகத்தளவு சில்லில் அடைத்த சில அடிகள். ஓட்டுகிறவர் வேகம் கூட்டினாலும் குறைத்தாலும் அதற்குத் தெரியாது.

கையால் பாட்டெடுத்த காலம் நமக்கும் இருந்தது. 1990க்குப் பிறகு மின்சாரம் போய், பற்றரிக்கும் தடை வந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, தினமோ மின்சாரத்தில் ரேடியோ கேட்டோம். செய்தி முடியும்வரை கை மாற்றி மாற்றிச் சுற்றவேண்டும். கசெட் போட்டால் இன்னொரு வேடிக்கை: சுற்றுகிறவன் களைத்தால் சுசீலாவின் குரல் மெல்ல ஆண்குரலாகும்.

ஐரோப்பியத் தெருக்களில் கைபிடி சுற்றிப் பாடும் இசைப்பெட்டியில் அப்படி நடக்காது. ஒரே கைபிடி இரண்டு வேலை செய்கிறது: அடியில் துருத்திகளை இயக்குகிறது, மேலே துளையிட்ட கடதாசிச் சுருளை நகர்த்துகிறது. துருத்தியின் காற்று வில் வைத்த ஒரு சேமிப்புப் பைக்குள் போய் ஒரே அழுத்தத்தில் நிற்கும். கடதாசியில் துளை வந்ததும் அதற்குரிய வால்வு திறந்து, அதற்குரிய மரக்குழல் பேசும். கை தளர்ந்தால் தாளம் மெதுவாகும், சுருதி இறங்காது. முன்பு முள் பதித்த மர உருளைதான் இந்த வேலையைச் செய்தது; ஒரு உருளையில் சில பாட்டுகளுக்கு மேல் இடமில்லை. பாரிஸின் கவியோலி நிறுவனம் 1892இல் துளையிட்ட மட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்தபின் பாட்டு எவ்வளவு நீளமும் போகலாம் என்றாயிற்று. ஒல்லாந்தில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் இன்றும் தெருவுக்கு வருகின்றன. பக்கத்தில் ஒருவர் பித்தளைக் குவளையைத் தாளத்துக்குக் குலுக்கிச் சில்லறை சேர்ப்பார். சிறியவை இருபது குழலோடு முடியும். அவற்றைப் பல நாடுகளில் ஓய்வுபெற்ற தச்சரும் மெக்கானிக்கும் வீட்டிலேயே செய்து, சொந்தமாகக் கட்டிய வண்டியில் ஏற்றி ஊர்வலம் போகிறார்கள்.

நம் பக்கத்தில் இதற்கொரு பழைய உறவு உண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது ஆங்கிலேயர் அள்ளிப்போன திப்புவின் மரப்புலி. கைபிடியைச் சுற்றினால் புலி உறுமும், அதன் வாயில் அகப்பட்ட வெள்ளைக்காரன் அலறுவான். வயிற்றுக்குள் பதினெட்டுக் கட்டையுள்ள சிறு குழல் ஆர்கனும் உண்டு. இப்போது லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இப்படியொரு இசைப்பெட்டியை முள்ளியவளையில் செய்ய என்ன வேண்டும்? பலகை, ஒட்டுப்பலகை, மெல்லிய தோல், ஆர்மோனியத் துருத்தி திருத்தத் தெரிந்த ஒருவர். கமகம் வராது, அந்தக் குறைக்காகவே ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை தள்ளிவைத்திருந்தது. கோயில் வாசலில் இராக ஆலாபனைக்கு இது உதவாது. ஆனால் அண்ணாவிமார் ஆடிக் காட்டிய கோவலன் கூத்து மெட்டுகளில் சில, படிப்படியாக ஏறி இறங்குகிறவை, இருபது குழலுக்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

உயர்தரத்தில் 2013இலிருந்து தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. செயற்திட்டத்துக்கு என்ன செய்வது என்று தலையைச் சொறிகிற பிள்ளைகளுக்கும், காவடி முடிந்தபின் சும்மா கிடக்கும் லாண்ட்மாஸ்டர்களின் சொந்தக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். முழுப் பெட்டியை நினைத்து மலைக்க வேண்டாம். ஒரு குழலில் தொடங்குங்கள். ஒரு முனை மூடிய மரக்குழல், உள்நீளம் ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர். ஆர்மோனியத்தின் நடு ‘சி’ கட்டைக்குக் கிட்டத்தட்டச் சரியாக நிற்கும். திறந்த குழலென்றால் இரட்டிப்பு நீளம் வேண்டும், பலகை வீண். குழல்வாயின் உதட்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவுங்கள். அவசரப்பட்டால் குழல் சீறுமே தவிரப் பேசாது. பேசிவிட்டால் மிச்சம் பத்தொன்பதுதான். செய்து பார்த்தவர்கள், ஊதாமல் போனாலும் பரவாயில்லை, இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள்.

(தொடரும்)